எங்க ஆளுன்னா கேட்கக் கூடாதா?

ஒரு அணியை உயிராய் நினைக்கிறவன் அந்த அணியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டால் போதும், அவன் ரசிகனே இல்லை என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போச்சு. பேர் கெட்டுப்போன ஒரு ஆட்டக்காரரை அணி தேடிப் பிடித்துச் சேர்க்கிறது. இல்லையென்றால், புகார் வந்த பிறகும் விடாமல் வைத்துக்கொள்கிறது. எதை விசாரித்தீர்கள், யாரிடம் கேட்டீர்கள், எதனால் இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று ரசிகன் கேட்பதில் என்ன குற்றம் இருக்கிறது?

எங்கள் காஞ்சிரங்குளத்துச் சாயக்கடையில் கேரளத்து வேகப் பந்து வீச்சாளர் ஸ்ரீசாந்த் பேச்சை எடுத்தால், "கோர்ட்டே விட்டாச்சுல்லா அண்ணே, பின்ன நமக்கென்ன?" என்று கிளாஸை நீட்டுகிறார் கடைக்காரர். பக்கத்தில் பத்திரிகை விரித்து உட்கார்ந்திருக்கும் மலையாளி நண்பர், வீட்டில் தமிழ் பேசுகிற உங்களுக்குக் கேரளத்துக்காரன் பேர் கெட்டால் உள்ளுக்குள் சந்தோஷம்தான் என்கிறார். சரி என்று, இதே கேள்வியைச் சென்னை அணியைப் பற்றி எல்லை தாண்டிக் களியக்காவிளையில் சொந்தக்காரர் வீட்டில் கேட்டால், "நீ கேரளாக்காரன்லா மக்கா, உனக்கு எங்க மஞ்சச் சட்டை மேல கண்ணு" என்கிறார்கள். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுக்காக்கள் சென்னை மாநிலத்தோடு போய்ச் சேர்ந்தன. எங்கள் நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்று முதல் எங்கள் ஆட்களிடம் நீ எந்தப் பக்கம் என்ற கேள்வி ஓய்ந்தபாடில்லை. விளையாட்டிலாவது அந்தத் தொல்லை இருக்காது என்று நினைத்தால், இங்கேதான் அது அதிகம்.

எனக்கு இரண்டு பக்கமும் ஒட்டு உண்டு. கேரள அணி ரஞ்சியில் ஒவ்வொரு வருஷமும் முதல் சுற்றிலேயே மூட்டை கட்டிய காலத்திலும் அதன் ஸ்கோரைத் தேடிப் படித்தவன் நான். சென்னை சூப்பர் கிங்ஸ் ஜெயித்தால் அன்றைக்கு வீட்டில் எல்லாருக்கும் மனசு நிறைந்திருக்கும். அதனால்தான் எனக்கு இந்த ஆத்திரம். எந்த அணி எக்கேடு கெட்டால் என்ன என்று இருக்கிறவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை.

எங்கள் ஊருக்கு அடுத்ததுதான் புல்லுவிளை. கடப்புறத்து ஊர். இந்தக் கரையில் பிள்ளைகளுக்கு முதல் காதல் பந்துகளிதான், அதாவது கால்பந்து. பொழியூர், பூவார், புல்லுவிளை என்று ஒவ்வொரு துறையிலும் சந்தோஷ் டிராபி ஆடியவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட மணலிலிருந்து கிரிக்கெட் மட்டை பிடித்து வந்தவர் சஞ்சு சாம்சன். அவருடைய அப்பா சாம்சன் விஸ்வநாத் டெல்லி போலீஸில் கான்ஸ்டபிளாக இருந்தவர், அவரும் பந்துகளிக்காரர்தான். சஞ்சு 2013 ஏப்ரலில் ராஜஸ்தான் ராயல்ஸ் அணிக்காக முதல் ஐபிஎல் ஆட்டம் ஆடியபோது பதினெட்டு வயது. அந்த அணியில் அவருக்கு முன்பே இருந்த மலையாளி ஸ்ரீசாந்த். பையனின் பெயரை ராகுல் திராவிட் காதில் போட்டதே ஸ்ரீசாந்த்தான் என்று இங்கே எல்லாரும் பெருமையாகச் சொல்வார்கள். 2007-இல் ஜோகன்னஸ்பர்க்கில் மிஸ்பா உல் ஹக் தூக்கியடித்த பந்தைப் பிடித்து நாட்டுக்கே உலகக் கோப்பை வாங்கித் தந்த கை அது. எங்கள் பிள்ளைகளுக்கு அவர் மேல் எவ்வளவு பிரியம் இருந்தது என்பதைச் சொல்லி முடியாது.

சஞ்சு அணிக்குள் வந்து ஒரு மாதம் ஆனது. மே 16 அதிகாலையில் மும்பையில் வைத்து ஸ்ரீசாந்தையும் அஜித் சண்டிலாவையும் அங்கித் சவானையும் டெல்லி போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. மே 9-ஆம் தேதி மொகாலியில் பஞ்சாப் அணிக்கு எதிராக ஸ்ரீசாந்த் வீசிய இரண்டாவது ஓவரில் பதினாலு ரன்னுக்குக் குறையாமல் கொடுப்பதாகப் பேச்சு, அதற்கு 40 லட்சம் ரூபாய், இடுப்பில் துண்டைச் செருகிக்கொண்டால் அதுதான் சூதாடிகளுக்கு அடையாளம் என்றது போலீஸ். அந்த ஓவரில் போனது 13 ரன். ஸ்ரீசாந்த் அன்று முதல் இன்றுவரை மறுத்துத்தான் வருகிறார். துண்டு வைப்பது தன் வழக்கம், ஒப்புதல் வாக்குமூலம் அடிக்குப் பயந்து கொடுத்தது என்பது அவர் தரப்பு. அந்த வாரம் டிவியில் அந்தத் துண்டை எத்தனை முறை காட்டினார்கள்! எங்கள் பக்கத்துக் கடப்புறத்தில் பந்து வீசும் பையன்கள் நிக்கரில் துண்டைச் செருகிக்கொண்டு ஓடி வருவார்கள், மற்றவர்கள் கைதட்டிச் சிரிப்பார்கள். பத்து வயசுப் பிள்ளைக்கும் அந்தச் சைகை தெரிந்துவிட்டது. பிள்ளைகளின் விளையாட்டுக்குள் அந்த விஷம் எவ்வளவு சீக்கிரம் இறங்கியது என்று எனக்கு வயிறு எரிந்தது.

இனிமேல் வருகிறதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். கோர்ட் விட்டது, கோர்ட் விட்டது என்று எல்லாரும் சொல்கிறார்களே, எந்தக் கோர்ட் எதை விட்டது என்று ஒருத்தரும் படித்துப் பார்த்ததில்லை. 2013 செப்டம்பரில் கிரிக்கெட் வாரியம் அவருக்கு ஆயுள் தடை போட்டது. 2015 ஜூலையில் டெல்லி நீதிமன்றம் குற்ற வழக்கிலிருந்து ஸ்ரீசாந்த் உட்படக் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. மாஃபியாக் கும்பல்களைப் பிடிப்பதற்காக மகாராஷ்டிரம் கொண்டுவந்த சட்டத்தின்கீழ் போலீஸ் தொடுத்த வழக்கு அது. அந்தச் சட்டம் கேட்கிற ஆதாரம் இல்லை என்று வழக்கு விழுந்தது. வாரியம் தடையை எடுக்கவில்லை. 2017 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தடையை நீக்கினார். அக்டோபரில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு தடையைத் திரும்பவும் வைத்தது. 2019 மார்ச் 15-இல் நீதிபதிகள் அசோக் பூஷண், கே.எம். ஜோசப் அமர்ந்த உச்ச நீதிமன்றம் சொன்னது முக்கியம். தப்பு நடந்தது என்று வாரியத்தின் ஒழுங்குக் குழு கண்ட முடிவில் நீதிமன்றம் கை வைக்கவில்லை. ஆயுள் முழுக்கத் தடை என்பது மட்டும் அதிகம், தண்டனையின் அளவை மறுபடி யோசியுங்கள் என்று திருப்பி அனுப்பியது. அந்த ஆகஸ்டில் வாரியத்தின் குறைதீர்ப்பாளர் நீதிபதி டி.கே. ஜெயின் அதை ஏழு வருஷமாகக் குறைத்தார். 2020 செப்டம்பரில் தடை முடிந்தது.

இவ்வளவு தூரம் நடந்த வழக்கை, கோர்ட் விட்டாச்சு என்ற ரெண்டு வார்த்தையில் முடித்து வைத்துவிட்டுச் சாயா குடிக்கிறோம். சிறைக்கு அனுப்ப ஆதாரம் போதவில்லை என்று ஒரு நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆட்டத்தின் ஒழுங்கை மீறினார் என்ற முடிவை நாட்டின் உச்ச நீதிமன்றம் அப்படியே விட்டுவைத்ததும் அதே அளவுக்கு உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் ரசிகன் துரோகியா?

அவர் ஏழு வருஷம் அனுபவித்துவிட்டார். முப்பது வயதில் போனவர் முப்பத்தேழில் திரும்பி வந்தார். வேகப் பந்து வீச்சாளருக்கு அந்த ஏழு வருஷம் என்பது வாழ்க்கையே. விதித்த தண்டனை முடிந்தால் ஆடும் உரிமை உண்டு, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. தண்டனை முடிந்து வீட்டுக்கு வந்தவனை வாசலில் நிற்க வைத்துத் துன்புறுத்துகிற பழக்கம் எங்களுக்கு வேண்டாம். ஆனால் கேரள கிரிக்கெட் சங்கம் அவரைச் சேர்த்த விதம் இருக்கிறதே, அதில்தான் என் மனசு ஆறவில்லை. 2020 ஜூன் மாதமே, தடை முடியுமுன்பே, அவரை எடுப்போம் என்று சொல்லியாச்சு. வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: உடல்தகுதியை நிரூபிக்க வேண்டும். ஓடி வர முடிகிறதா, பந்து வேகமாக விழுகிறதா, அவ்வளவுதான். பேர் கெட்டதற்கும் அந்த ஏழு வருஷத்துக்கும் உடல்தகுதிக்கும் என்ன சம்பந்தம்? அந்த ஓவரைப் பற்றி அவரிடம் என்ன கேட்டோம், அவர் என்ன சொன்னார், இளம் பையன்கள் இருக்கிற அறைக்குள் அவரை எந்த நம்பிக்கையில் விடுகிறோம் என்று எங்களுக்குச் சொல்ல யாரும் இல்லை.

2021 ஜனவரி 11-ஆம் தேதி வான்கடே மைதானத்தில் புதுச்சேரிக்கு எதிராக அவர் ஆடினார். நாலு ஓவர், 29 ரன், ஒரு விக்கெட். கேப்டன் யார் தெரியுமா? சஞ்சு சாம்சன். எட்டு வருஷத்துக்கு முன்னால் ராஜஸ்தான் அணியில் புதுப் பையனாக இருந்து, மூத்தவரைப் போலீஸ் கொண்டுபோன சேதியைக் கேட்ட எங்கள் புல்லுவிளைப் பையன். அவர் மனசில் என்ன ஓடியிருக்கும் என்று ஒரு பத்திரிகைகூட அன்று கேட்டதாக நான் பார்க்கவில்லை. ஸ்டம்பு பறந்த படம்தான் எல்லா இடத்திலும். அடுத்த மாதம் விஜய் ஹசாரே போட்டியில் உத்தரப் பிரதேசத்துக்கு எதிராக ஐந்து விக்கெட் எடுத்தார். அதோடு எல்லாக் கேள்வியும் மூடிவிட்டது. "அஞ்சு விக்கெட் எடுத்தாருல்லா, இனி என்ன வேணும்?" என்று என்னிடம் வந்து கேட்டவர்களுக்குக் கணக்கில்லை. விக்கெட் எடுத்தால் பதில் சொன்ன மாதிரி ஆகிவிடுமா?

இது இதோடு நின்றிருந்தால் நானும் பழைய கதை என்று விட்டிருப்பேன். 2025 மே மாதம் இதே சங்கம் இதே ஸ்ரீசாந்துக்கு மூன்று வருஷத் தடை அறிவித்தது. எதற்கு? சஞ்சுவை விஜய் ஹசாரே அணியில் சேர்க்காததால்தான் சாம்பியன்ஸ் டிராபி வாய்ப்பு போனது என்கிற சண்டையில், டிவியில் உட்கார்ந்து சஞ்சுவுக்காகச் சங்கத்துக்கு எதிராகப் பேசியதற்கு. பொய்யும் அவதூறும் பேசினார் என்று சங்கம் சொன்னது. சஞ்சுவின் அப்பா மேல் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடவும் முடிவெடுத்தார்கள். ஸ்ரீசாந்த் பேசியது சரியா தப்பா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. ஆட்டத்தை விற்றார் என்று நாடே பேசிய ஆளை உடல்தகுதி பார்த்துச் சேர்த்த சங்கத்துக்கு, தன்னைக் குறை சொன்னதும் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பத் தெரிகிறது, சிறப்புப் பொதுக்குழு கூட்டத் தெரிகிறது, தடை போடத் தெரிகிறது. நோட்டீஸ் அனுப்பும் கை இவர்களுக்கு இருந்திருக்கிறது. எங்களுக்காக அது ஒரு தடவையும் எழுதவில்லை. இந்த ஒரு விஷயத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

மஞ்சள் சட்டைக்காரர்கள் சிரிக்க வேண்டாம், அடுத்தது நம் கதைதான். அதே 2013-இல், ஸ்ரீசாந்த் கைதாகி ஒரு வாரத்தில், குருநாத் மெய்யப்பன் கைதானார். சென்னை அணியின் உரிமையாளராக இருந்த இந்தியா சிமென்ட்ஸின் என். சீனிவாசனுக்கு மருமகன். அவர் வெறும் கிரிக்கெட் ஆர்வலர் என்று அணித் தரப்பில் சொன்னார்கள். ஏலத்திலும் ஆட்டக்காரர்கள் உட்காரும் இடத்திலும் அவரைப் பார்த்த கண்ணுக்கு அதை எப்படி நம்புவது? அவர் அணியின் அதிகாரிதான், பந்தயமும் கட்டினார் என்று நீதிபதி முத்கல் குழு கண்டது. 2015 ஜூலை 14-இல் நீதிபதி லோதா குழு சென்னை அணிக்கும் ராஜஸ்தான் அணிக்கும் இரண்டு வருஷத் தடை போட்டது. 2018-இல் திரும்பி வந்தார்கள். காவிரிப் போராட்டத்தால் ஆட்டங்கள் சேப்பாக்கத்திலிருந்து புனேக்குப் போனபோது, ரசிகர்களை ஏற்றிக்கொண்டு தனி ரயில் போனது. ரயில் நிறைய மஞ்சள், விசில், பாட்டு. அந்த வருஷம் கோப்பையும் வாங்கினார்கள். பார்த்த எனக்கும் கண் கலங்கத்தான் செய்தது. தடை வாங்கிக் கொடுத்த தப்புக்கு, அந்த ரயிலில் போன ஆயிரம் பேருக்கு அணி என்ன பதில் சொன்னது? உங்கள் அன்புக்கு நன்றி என்றது. அன்புக்கு நன்றி சொல்வதும் நடந்ததற்குப் பதில் சொல்வதும் வேறு வேறு என்று தெரியாதவர்களா அவர்கள்?

2025 நவம்பரில் சஞ்சு சென்னைக்கு வந்தார். ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்குப் போனார்கள். எங்கள் வீட்டில் அன்று பெருநாள்தான். ஊரும் அணியும் ஒன்றாகச் சேர்ந்த சந்தோஷத்தை எல்லையில் இருக்கிறவனிடம் கேட்டுப் பாருங்கள். நான் அணிகளை வெறுக்கிறவன் இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சட்டம் கைகொடுக்கும் என்று நம்பவும் வழியில்லை. கர்நாடக பிரீமியர் லீக்கில் 2019-இல் கிளம்பிய சூதாட்ட வழக்கில், 2022 ஜனவரியில் கர்நாடக உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஆட்டத்தை விலைபேசுவது நேர்மையின்மை, ஒழுங்கீனம், அதற்கு நடவடிக்கை எடுக்க வாரியம் இருக்கிறது, ஆனால் ஏமாற்றுக் குற்றம் என்ற சட்டப் பிரிவுக்குள் அது வராது என்றது. டிக்கெட் எடுத்தவர்கள் நேர்மையான ஆட்டம் பார்க்கிறோம் என்று நினைத்திருக்கலாம், ஆனாலும் டிக்கெட்டை அவர்களாகத்தானே வாங்கினார்கள் என்பது வாதம். சட்டத்தின் எழுத்துக்கு அது சரியாக இருக்கலாம். எங்களுக்கு என்ன மிஞ்சுகிறது பாருங்கள். போலீஸ் வழக்கு நிற்காது. ஏமாந்தவன் என்ற பெயர்கூட ரசிகனுக்குச் சட்டத்தில் இல்லை. நாடாளுமன்றம் இதற்கென்று தனிச் சட்டம் கொண்டுவரவில்லை. பின்னே எங்களுக்குப் பதில் சொல்லும் கடமை அணியைத் தவிர யாருக்கு? அந்த அணியும் வாய் திறக்காவிட்டால் நாங்கள் எந்தக் கதவைத் தட்டுவது?

சூதாட்டமாவது பணத்தோடு போகிறது. பெண்கள் கொடுக்கும் புகாரில் நாங்கள் நடந்துகொள்கிற விதம் இன்னும் கேவலம். எங்கள் தெருவில் ஒரு பெண் குழந்தை லெக் ஸ்பின் பழகுகிறாள். அவளுக்குத் தெய்வம் திருவனந்தபுரத்து ஆஷா சோபனா. 2024 பிப்ரவரியில் பெங்களூரு அணிக்காகப் பெண்கள் ஐபிஎல்லில் ஐந்து விக்கெட் எடுத்து, அந்தப் போட்டியில் அதைச் செய்த முதல் இந்தியப் பெண் என்ற பேர் வாங்கியவர். அந்த வருஷம் பெங்களூரு பெண்கள் அணி கோப்பையும் எடுத்தது. பிள்ளை அந்தச் சிவப்புச் சட்டையைத் துவைக்கக்கூட விடமாட்டாள். 2025-இல் ஆண்கள் அணியும் கோப்பை எடுத்தது. அடுத்த மாதமே அந்த அணியின் பந்து வீச்சாளர் யஷ் தயாள் மேல் காஜியாபாத்தில் ஒரு பெண் கொடுத்த புகாரில் வழக்குப் பதிவானது. பிறகு ஜெய்ப்பூரில் இன்னொன்று, அது சிறார் பாதுகாப்புக்கான போக்சோ சட்டத்தில். அவர் மறுக்கிறார். நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை அவரைக் குற்றவாளி என்று நானும் சொல்லமாட்டேன். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே நவம்பரில் அணி அவரைத் தக்கவைத்துக்கொண்டது. பட்டியலில் பேர் வந்தது, விளக்கம் வரவில்லை.

"மாமா, அவர் மேல கேஸ் இருக்குல்லா, ஏன் விடாம வச்சிருக்காங்க?" என்று அவள் கேட்டாள். நான் வாய் திறக்குமுன் அவளுடைய சித்தப்பன், "நீ களியைப் பாரு பிள்ளே, அதெல்லாம் பெரியவங்க சமாச்சாரம்" என்று அடக்கிவிட்டான். அவள் முகம் விழுந்துபோனது. பயிற்சிக்குப் போகிற பிள்ளை அவள். 2024-இல் இதே திருவனந்தபுரத்தில், கேரள கிரிக்கெட் சங்கத்துப் பயிற்சியாளர் ஒருவர் சிறுமிகள் கொடுத்த புகாரில் போக்சோவில் கைதானதை அவள் வீட்டில் எல்லாரும் படித்தவர்கள்தான். அன்றைக்கு அவளைப் பயிற்சிக்கு அனுப்புவதா வேண்டாமா என்று அந்த வீட்டில் நடந்த பேச்சு எனக்குத் தெரியும். பாதுகாப்பு என்று வரும்போது வாசலில் நின்று நடுங்குகிறோம். நமக்குப் பிடித்த அணி என்று வரும்போது பிள்ளையின் வாயை அடைக்கிறோம். அவள் கேட்டது பெரியவர்கள் சமாச்சாரமே இல்லை, அது அவளுடைய சமாச்சாரம். அவளுக்கு அணி ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? வழக்கு முடியும்வரை இவர் ஆடமாட்டார், அல்லது இன்ன காரணத்தால் ஆடுவார், இப்படி ஏதாவது ஒன்று. புகார் கொடுத்த பெண்ணின் தரப்பை யாராவது கேட்டார்களா என்றாவது சொல்லக் கூடாதா?

வெளிநாட்டு அணிகளும் தாமாகத் திருந்தவில்லை. மான்செஸ்டர் யுனைடெட் சட்டை எங்கள் கடப்புறத்தில் மீன் ஏலம் விடுகிற இடத்திலும் நடமாடும். அந்த அணியின் ஆட்டக்காரர் மேசன் கிரீன்வுட் ஒரு பெண் தொடர்பான வழக்கில் 2022 ஜனவரியில் கைதானார். குற்றச்சாட்டை அவர் மறுத்தார். முக்கிய சாட்சிகள் விலகிக்கொண்டதாலும் புதிதாக வந்த சில விவரங்களாலும் 2023 பிப்ரவரியில் வழக்கைக் கைவிட்டார்கள். கிளப் ஆறு மாதம் உள்விசாரணை நடத்தியது. அவரைத் திரும்பச் சேர்க்கப் போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியதும் அந்த அணியின் ரசிகைகள் எதிர்த்து எழுந்தார்கள். ஆகஸ்டில், அவர் வேறு இடத்தில் ஆடட்டும் என்று கிளப் அறிவித்தது. ஸ்காட்லாந்தில் நடந்தது இதைவிடப் பெரிசு. ரெய்த் ரோவர்ஸ் என்று ஒரு சின்ன கிளப். 2022 ஜனவரி கடைசி நாளில் டேவிட் குட்வில்லி என்ற ஆட்டக்காரரை எடுத்தார்கள். அவர் ஒரு பெண்ணை வன்புணர்ந்தார் என்று 2017-இலேயே உரிமையியல் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. சிறைத் தண்டனை வரும் குற்ற வழக்கு நடக்கவில்லை, அதனால் சட்டப்படி ஆடத் தடையும் இல்லை. அந்த கிளப்பின் வாழ்நாள் ரசிகை வால் மெக்டெர்மிட், பேர்பெற்ற துப்பறியும் நாவலாசிரியர். சட்டையில் தன் பேரைப் போட்டுக் காசு கொடுத்து வந்தவர், மறுநாளே உதவியை நிறுத்தினார். பெண்கள் அணியின் கேப்டன் விலகினார். மூன்றாம் நாள் கிளப் தலைவர், தப்புப் பண்ணிவிட்டோம், அவர் எங்களுக்கு ஆடமாட்டார் என்று மன்னிப்புக் கேட்டார். அந்த ரசிகர்களை யாராவது துரோகி என்பார்களா? கிளப்பைக் காப்பாற்றியதே அவர்கள்தான்.

இதைச் சொன்னால் உடனே, அது வெள்ளைக்காரன் ஊர் அண்ணே, இங்க நடக்குமா என்கிறார்கள். ஏன் நடக்காது? பள்ளித் திருநாளுக்கு நாம் நடத்துகிற ஏழு பேர் பந்துகளியில் நடந்திருக்கிறதே. ரெஃபரியைக் கைநீட்டி அடித்த ஒருத்தனை அடுத்த வருஷம் ஒரு டீம் இறக்கப் பார்த்தது. நல்ல ஸ்ட்ரைக்கர், அவன் இருந்தால் கோப்பை உறுதி. கமிட்டிக்காரர்கள் விடவில்லை. முதலில் மைக் முன்னால் வந்து நிற்கட்டும், அடிபட்ட மனுஷன் முன்னால் என்ன நடந்தது என்று சொல்லட்டும், அப்புறம் இறக்கலாமா வேண்டாமா என்று பேசுவோம் என்றார்கள். வந்தான், கூட்டத்துக்கு முன்னால் சொன்னான், ரெஃபரி கையைப் பிடித்தான். அரை இறுதிக்கு மட்டும் விட்டார்கள். அந்த டீமின் ஆட்களே கமிட்டி பக்கம் நின்றார்கள். ஒருத்தரையும் யாரும் பொறாமைக்காரன் என்று சொல்லவில்லை.

பரிசு ஒரு ஆட்டுக்கிடாவும் ஒரு கப்பும். அதற்கு இவ்வளவு ஒழுங்கு பார்க்கிற ஜனங்கள், கோடிக்கணக்கில் ஏலம் எடுக்கிற அணியிடம் ஏன் பெட்டிப் பாம்பாய் அடங்கிப் போகிறோம்? கேரள சங்கமானாலும் சரி, சென்னையானாலும் பெங்களூருவானாலும் சரி, பேர் கெட்ட ஒருத்தரைச் சேர்க்குமுன் அல்லது வைத்துக்கொள்ளுமுன் ஒரு பக்கம் எழுதி வெளியிடட்டும். யார் விசாரித்தார்கள், புகார் சொன்னவர் தரப்பைக் கேட்டார்களா, வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, எந்த நிபந்தனையில் எடுக்கிறோம் என்று. படித்துப் பார்த்துவிட்டு நாங்கள் கைதட்டுவதா வேண்டாமா என்று முடிவு பண்ணிக்கொள்கிறோம். காரியவட்டம் மைதானத்துக்கு அடுத்த ஆட்டத்துக்கு நான் போகத்தான் போகிறேன், தெருவில் இருக்கிற அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு. கேட்கவும் போகிறேன். சாயக்கடையில் யார் என்ன சொன்னாலும் சரி.